மூன்றாவது விண்மீன் உறவா, வழிப்போக்கரா? ஆல்ஃபா சென்டாரி குறித்து ஓர் ஐயம்

தட்டோட்டுமாடி (கானாடுகாத்தான்):

அனைவருக்கும் வணக்கம். விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகச் சென்ற சனிக்கிழமை இரவு எங்கள் பழைய வீட்டு மொட்டைமாடியில் 150 மி.மீ. திறப்புள்ள எதிரொளிப்புத் தொலைநோக்கியை நிறுத்தி, தென்வானில் ஆல்ஃபா சென்டாரியைப் பிடித்தேன். வைகாசி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பத்தே முக்கால் மணிக்குமேல் அது தெற்கே நேராக வந்து நின்றது. வெறுங்கண்ணுக்கு ஒற்றை விண்மீனாகத் தெரிவது 120 மடங்கு உருப்பெருக்கத்தில் இரண்டாகப் பிரிந்தது: ஒன்று வெளிர்மஞ்சள், மற்றது கொஞ்சம் மங்கலாய், பழுத்த எலுமிச்சைக்கும் கமலாவுக்கும் இடைப்பட்ட நிறம்.

இது மூன்று விண்மீன்களின் தொகுதி என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். எண்பத்து நான்கு வயதில் படியேறி வந்திருந்த எங்கள் ஐயா வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூணுன்னு சொன்னியேப்பா, ரெண்டுதானே இருக்கு?" என்றார். பார்வைப் புலத்தின் ஓரத்தில் செந்நிறமாய் ஒரு மங்கற்புள்ளி இருந்தது. அதுதான் மூன்றாவதான புராக்சிமா என்று காட்டினேன். அவர் மறுபடி குனிந்து பார்த்துவிட்டு, "அது இதுகளோட சேர்த்தி இல்லையப்பா, போற வழியில நிக்கிற ஆளு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்தச் சொல் என்னைக் குடைகிறது. அருகில் தெரிவதால் மட்டும் இரண்டு விண்மீன்கள் உறவாகிவிடுவதில்லை. புராக்சிமா உண்மையிலேயே அந்த இரண்டோடும் கட்டுண்டதுதான் என்பதை எப்படி அறிந்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஓய்வாசிரியர் (தேவகோட்டை):

தம்பி, முதலில் ஒரு திருத்தம். நீங்கள் ஐயாவுக்குக் காட்டியது புராக்சிமா அன்று. உங்கள் தொலைநோக்கியின் பார்வைப் புலம் அந்த உருப்பெருக்கத்தில் அரைப் பாகைகூட இராது. புராக்சிமாவோ அந்த இரட்டையிலிருந்து இரண்டு பாகைக்குமேல் விலகி, முழுநிலவை நான்கு முறைக்குமேல் வரிசையாக வைத்தால் எட்டும் இடத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே புலத்தில் காண வழியே இல்லை. நீங்கள் காட்டியது பின்புலத்தில், நெடுந்தொலைவில் இருக்கும் வேறொரு விண்மீன். ஆகவே ஐயா சொன்னது சரி. நாம்தான் தவறான ஆளைக் காட்டிவிட்டு அவரைச் சந்தேகப்படுகிறோம்.

இனித் தொகுதியைப் பற்றி. மஞ்சளாகத் தெரிந்தது ஏ விண்மீன். நம் சூரியனைப் போலவே ஜி2 வகையைச் சேர்ந்தது (நிறத்தையும் வெப்பநிலையையும் வைத்துப் பிரிக்கும் வகை இது); நிறை சூரியனைப் போல் 1.08 மடங்கு, ஒளிர்வு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மற்றது பி, கே1 வகை, நிறை 0.91 மடங்கு, ஒளிர்வு சூரியனில் பாதி. இரண்டும் நம்மிடமிருந்து 4.37 ஒளியாண்டுத் தொலைவில், ஒன்றையொன்று ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. பாதை மிகவும் நீண்ட நீள்வட்டம்: நெருங்கும்போது இடைவெளி 11 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு ஓர் அலகு), அதாவது சூரியனுக்கும் சனிக்கும் உள்ள தொலைவைவிடச் சற்றே கூடுதல், விலகும்போது 35 அலகைத் தாண்டி, நெப்டியூனையும் கடந்துவிடும். கடைசியாக நெருங்கியது 1955இல், அடுத்தது 2035இல்.

பூமியிலிருந்து பார்க்கையில் அந்தப் பாதை சாய்வாகத் தெரிவதால், கண்ணுக்குத் தோன்றும் இடைவெளி வேறு கணக்கில் ஏறி இறங்கும். 1976 பிப்ரவரியில் அது 22 வில்நொடி வரை விரிந்திருந்தது (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு வில்நொடி). 2016இல் வெறும் நான்கு வில்நொடிக்குச் சுருங்கி, இப்போது மீண்டும் விரிந்து வருகிறது. உங்களுக்குச் சிரமமின்றிப் பிரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதான புராக்சிமா எம்5.5 வகையைச் சேர்ந்த செங்குறுமீன். நிறை சூரியனில் எட்டில் ஒரு பங்கு, ஒளிர்வு ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. நமக்கு 4.24 ஒளியாண்டில், சூரியனுக்கு அடுத்து மிக அருகில் இருக்கும் விண்மீன் அதுவே; ஆனாலும் அதன் ஒளிப்பொலிவெண் (எண் கூடக் கூட மங்கல்) 11 என்பதால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 1915இல் ஜோகன்னஸ்பர்க் ஆய்வகத்தில் இராபர்ட் இன்னஸ் ஐந்தாண்டு இடைவெளியில் எடுத்த இரு ஒளிப்படத் தகடுகளை ஒப்பிட்டபோது, ஆல்ஃபா சென்டாரி நகரும் திசையிலேயே, ஏறத்தாழ அதே வேகத்தில் இன்னொரு மங்கற்புள்ளியும் நகர்ந்திருப்பதைக் கண்டார். உறவு என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

வடமீன் (காரைக்குடி):

தட்டோட்டுமாடி அண்ணன் தெற்கே பார்த்த அதே நேரத்தில் அப்படியே திரும்பி வடக்கே பார்த்திருந்தால், இதே கேள்வி அங்கேயும் தொங்கிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பார். எழுமீன் கூட்டத்தின் வாலில் நடுவாக நிற்பது வசிட்டர். அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி, பழந்தமிழ் வடமீன் என்று போற்றியது. (என் புனைபெயருக்கும் அதுதான் காரணம். கலியாண வீட்டில் பட்டப்பகலில் அருந்ததியைக் காட்டும்போதெல்லாம் தலையாட்டிவிட்டு, இராத்திரி மாடிக்குப் போய் உண்மையாகவே பார்த்துக்கொள்கிற ஆள் நான்.) வசிட்டரைத் தொலைநோக்கியில் பார்த்தால் இரண்டு, 1889இல் நிறமாலையைப் பிரித்துப் பார்த்தபோது அவற்றில் ஒன்றே இரண்டு எனத் தெரிந்தது, பின்னர் மற்றதும் இரண்டானது. 2009இல் அருந்ததிக்கும் ஒரு துணை அகப்பட்டது. ஆக மொத்தம் ஆறு. அருந்ததி இணை வசிட்டர் நால்வரோடும் ஈர்ப்பால் கட்டுண்டதா, கூடவே நகர்வது மட்டுமா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது.

எனக்குத் தோன்றும் உவமை நம் ஊருடையது. அந்தக் காலத்தில் ஒரே வளவுக்குள் அண்ணன் தம்பி குடும்பங்கள் தனித்தனி அடுப்பு மூட்டி வாழ்ந்தன; ஏயும் பியும் அப்படி. புராக்சிமா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். மூன்றாண்டுக் கணக்கு முடியும்வரை இரங்கூனில் இருந்தாலும் கோயிலில் அவருக்குப் புள்ளி, அதாவது கணக்கில் ஒரு பதிவு, உண்டு, வரியும் உண்டு. கண்ணுக்குத் தெரியாததால் பேரேட்டிலிருந்து பெயரை அடித்துவிட மாட்டார்கள்.

பர்மாத்தேக்கு (பள்ளத்தூர், தற்போது சிங்கப்பூர்):

உவமை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எதை நிறுவ வேண்டுமோ அதையே முன்கூட்டி ஒப்புக்கொண்டுவிடுகிறது. இரங்கூனுக்குப் போனவர் திரும்பி வருவார் என்பது நமக்குத் தெரியும்; புராக்சிமா திரும்பும் என்பதுதானே கேள்வி?

உடன் நகர்வது உறவுக்குச் சான்றாகாது என்பதற்கு அந்த எழுமீனே சாட்சி. ஏழில் ஐந்து விண்மீன்கள் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போகின்றன. ஒரே மேகத்திலிருந்து பிறந்த அவை இன்று ஒன்றையொன்று சுற்றவில்லை. ஈர்ப்பால் கட்டுண்டும் இல்லை. ஒரே சந்தைக்குப் போகும் வண்டிகளைப் போல ஒரு திசையில் போகின்றன, அவ்வளவே. புராக்சிமாவும் அத்தகைய உடன்பயணியாக ஏன் இருக்கக்கூடாது? ஏ, பி இணையிலிருந்து அது 13,000 வானியல் அலகு தள்ளி நிற்கிறது. அத்தனை தொலைவில் அந்த இரண்டின் ஈர்ப்பு எவ்வளவு நலிந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இந்த ஐயத்தை எழுப்பிய வானியலாளர்கள் இருந்தார்கள். ஐயாவின் கூற்றை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

(இங்கே ஆல்ஃபா சென்டாரி இருபத்தெட்டு பாகை உயரத்துக்கு வருகிறது. நம் ஊரில் பத்தொன்பதுதான். ஆனால் இங்குள்ள தெருவிளக்குகளின் வெளிச்சத்தில் அந்த ஒன்பது பாகை இலாபமும் கரைந்துபோகிறது.)

ஓய்வாசிரியர் (தேவகோட்டை):

பள்ளத்தூர்க்காரர் கேள்வியை நேராக வைத்துவிட்டார். ஈர்ப்பு நலிந்திருக்கிறது என்று சொன்னால் போதாது, எவ்வளவு நலிந்திருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் போடக்கூடிய கணக்குதான்.

சூரியனிலிருந்து ஒரு வானியல் அலகுத் தொலைவில், அதாவது நாம் இருக்கும் இடத்தில், சூரியனின் பிடியிலிருந்து தப்பத் தேவையான வேகம் வினாடிக்கு 42.1 கி.மீ. இந்த விடுபடு வேகம் நிறையின் வர்க்கமூலத்துக்கு நேர்த்தகவிலும் தொலைவின் வர்க்கமூலத்துக்கு எதிர்த்தகவிலும் மாறும். மூன்று விண்மீன்களின் மொத்த நிறை சூரியனைப் போல் 2.1 மடங்கு, தொலைவு 13,000 அலகு. 2.1ஐ 13,000ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.0127. அதை 42.1ஆல் பெருக்கினால் 0.535 வருகிறது. ஆகவே புராக்சிமா அந்த இணையைச் சார்ந்து வினாடிக்கு ஏறத்தாழ 540 மீட்டருக்குமேல் ஓடினால் அது வழிப்போக்கர். அதற்குக் கீழே என்றால் வீட்டுப் பிள்ளை. நலிந்த ஈர்ப்புத்தான், ஆனாலும் அந்த வேகத்தில் வருபவரைக் கட்டிப்போடப் போதுமானது.

அடுத்தது, உண்மையான வேகம் என்ன? வானில் குறுக்காக நகரும் வேகம் முன்பே நன்றாக அளக்கப்பட்டிருந்தது. சிக்கல் முழுவதும் நம்மை நோக்கி வரும் ஆரவேகத்தில் இருந்தது; விண்மீன் ஒளியின் நிறமாலைக் கோடுகள் எவ்வளவு இடம்பெயர்கின்றன என்பதை வைத்தே அதை அளக்கிறார்கள். மூன்றும் நம்மை நோக்கி வினாடிக்கு 22 கி.மீ. அளவில் வருகின்றன, நமக்கு வேண்டியது அவற்றுக்கிடையே உள்ள சில நூறு மீட்டர் வேறுபாடு. மங்கலான செங்குறுமீனின் நிறமாலையில் அவ்வளவு நுட்பமாக அளப்பது பழைய கருவிகளால் ஆகவில்லை. அளவீட்டின் பிழையே விடையைவிடப் பெரிதாக இருந்தது. இதில் இன்னொரு பொறியும் உண்டு. ஏ போன்ற விண்மீனின் மேற்பரப்பில் கொதிக்கும் வாயு மேலெழுந்து வருவதால் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விண்மீனின் சொந்த ஈர்ப்பு அவற்றைச் சிவப்புப் பக்கம் இழுக்கும். இந்த நகர்வுகளும் சில நூறு மீட்டர் கணக்கில்தான் இருக்கும். எடைக்கல்லே தேய்ந்த தராசில் தங்கம் நிறுப்பதைப் போன்ற நிலை அது.

2017இல் பியர் கெர்வெல்லா குழுவினர், சிலி நாட்டு லா சில்லா ஆய்வகத்தின் ஹார்ப்ஸ் நிறமாலைமானி பதிந்தவற்றைக் கொண்டு, இந்தத் திருத்தங்களை எல்லாம் செய்து விடையை வெளியிட்டார்கள். சார்பு வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 270 மீட்டர். விடுபடு வேகத்தில் பாதி. எனவே கட்டுண்டதே. சுற்றிவர ஆகும் காலம் ஏறத்தாழ 5,50,000 ஆண்டுகள்.

வடமீன் அம்மா, உங்கள் உவமை பிழைத்தது. ஆனால் பிழைக்க வைத்தது புள்ளி வரி அன்று, அந்த 270 மீட்டர்.

ஊருணிக்கரை (கண்டனூர்):

நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவன். ஓய்வாசிரியர் சார் போட்ட கணக்கை நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். விடை சரியாக வந்தது. எனக்கு ஓர் ஐயம். இந்த மூன்றில் எதற்கேனும் கோள்கள் உறுதியாகி இருக்கின்றனவா? பிக்குப் பூமி அளவில் ஒரு கோள் இருப்பதாகப் பள்ளியில் படித்த நினைவு இருக்கிறது. இப்போது தேடினால் அது பட்டியலிலேயே இல்லை.

பர்மாத்தேக்கு (பள்ளத்தூர், தற்போது சிங்கப்பூர்):

தம்பிக்கு நினைவு சரியாகத்தான் இருக்கிறது. 2012இல் பியைச் சுற்றி 3.2 நாளில் ஒரு கோள் சுழல்வதாக அறிவித்தார்கள். 2015இல் அதே தரவை வேறொரு குழு ஆராய்ந்து, அது கோள் அன்று, அளவீடுகளை எடுத்த கால இடைவெளிகளால் கணக்கில் முளைத்த பொய்த்தோற்றம் என்று காட்டிவிட்டது.

இந்தக் கதைக்கு நம் பக்கத்தில் ஒரு முன்கதை உண்டு. 1855இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் தலைவர் டபிள்யூ. எஸ். ஜேக்கப், ஓஃபியூக்கசு மண்டலத்தில் 70ஆம் எண் கொண்ட இரட்டை விண்மீனின் சுற்றுப்பாதையில் ஒரு பிறழ்ச்சியைக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அதற்குக் காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்று எழுதினார். சூரியனுக்கு வெளியே கோள் இருப்பதாக அளவீட்டை வைத்துச் சொன்ன மிகப் பழைய கூற்றுகளில் அது ஒன்று. பிற்பாடு அதுவும் நிற்கவில்லை. இரட்டை விண்மீன்களைத் தொடுவோர் எல்லாரும் ஒருமுறையாவது இப்படி வழுக்கி விழுகிறார்கள். ஆகவே இந்தத் துறையில் அறிவிப்பை வாசித்தவுடன் கைதட்டாமல், மூன்று ஆண்டு பொறுத்துக் கைதட்டுவதே என் வழக்கம்.

புராக்சிமாவின் கோள் அந்தப் பொறுமையைக் கடந்துவிட்டது. 2016இல் அறிவிக்கப்பட்ட, புராக்சிமா பி எனப்படும் அந்தக் கோள் 11.2 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. குறைந்தபட்ச நிறை பூமியை ஒட்டியது. 2022இல் இன்னும் சிறிய, ஐந்து நாளில் சுற்றும் இன்னொன்றும் சேர்ந்தது. நீர் நீர்மமாக நிற்கக்கூடிய தொலைவில் முதற்கோள் இருப்பதைக் கேட்டு மகிழ வேண்டாம். 2016 மார்ச்சில் புராக்சிமா திடீரென ஏறத்தாழ 68 மடங்கு பொலிந்து அடங்கியது. அத்தகைய வெடிப்புகள் அடிக்கடி நிகழும் அடுப்படியில் காற்றுமண்டலம் தங்குமா என்பது வேறு பேச்சு. ஏயைச் சுற்றி, இரண்டு வானியல் அலகுத் தொலைவில், சனி அளவு நிறை உள்ள ஒன்று இருக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிப் பதிவை வைத்துச் சொன்னார்கள். அதே தொலைநோக்கி மறுபடி இருமுறை பார்த்தபோது அது தென்படவில்லை. அதற்கு நான் இன்னும் கைதட்டவில்லை.

வடமீன் (காரைக்குடி):

சென்னையைச் சொன்னவர் புதுச்சேரியை விட்டுவிட்டார். ஆல்ஃபா சென்டாரி இரண்டு விண்மீன் என்று முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் கடற்கரையில்தான். 1689 டிசம்பரில் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்த யேசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ, தற்செயலாக அந்தப் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பியபோது அது பிரிந்து தெரிந்தது. ஐரோப்பாவின் பெரிய ஆய்வகங்கள் அதைக் காணாததற்குக் காரணம் எளியது: வட அகலாங்கு 29 பாகைக்கு மேலே உள்ள ஊர்களில் அது அடிவானத்தை விட்டு எழுவதே இல்லை. தொலைவை அளந்த கதையும் அப்படித்தான். 1832, 33இல் நன்னம்பிக்கை முனையில் வானியலாளர் தாமசு எண்டர்சன் இடமாறு தோற்றத்தை (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் சற்றே இடம்மாறித் தெரிவதை) அளந்துவிட்டார், ஆனால் தம் கணக்கின்மீதே நம்பிக்கை வராமல் 1839 வரை வைத்திருந்தார். அதற்குள் 1838இல் ஜெர்மன் வானியலாளர் பெசல் வேறொரு விண்மீனின் தொலைவை வெளியிட்டு முந்திக்கொண்டார்.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்த்தேன். சுற்றுக்காலம் 79.8 ஆண்டு என்றால் நான்கு சுற்றுக்கு 319 ஆண்டு. 1689உடன் கூட்டினால் 2008. ரிஷோ கண்ட அதே நிலையில் அந்த இரண்டும் 2008இல் நின்றிருக்கின்றன, நாம்தான் கவனிக்கவில்லை. அதே இடத்தில் என்று சொல்ல முடியாது, ஆண்டுக்கு 3.7 வில்நொடி நகரும் விண்மீன் ஆதலால், ரிஷோவின் நாளிலிருந்து இன்றுவரை நிலவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் போயிருக்கிறது.

அண்ணனுக்கு ஒரு யோசனை. உங்கள் மாடியில் தட்டோடு பதித்திருப்பதாகப் பெயரே சொல்கிறது. வைகாசி வெயிலில் பகலெல்லாம் காய்ந்த தட்டோடு நடுஇரவு வரை சூடு விடும். போதாததற்குத் தெற்குப் பக்கத்து வீட்டின் ஓட்டுக்கூரை அடிவானத்துக்குக் கீழிருந்து வேறு அனலடிக்கும். பத்தொன்பது பாகை உயரத்தில் நிற்கும் விண்மீனின் ஒளி அந்தக் காற்றைக் குடைந்துகொண்டுதான் வர வேண்டும். மாலையிலேயே நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றி மாடியைக் குளிர வைத்துவிட்டு, தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே வைத்துவிடுங்கள். நான் எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறேன். மனிதர் படுத்துறங்கவும் அது உதவும்.

தட்டோட்டுமாடி (கானாடுகாத்தான்):

தண்ணீர் ஊற்றினேன். வேறுபாடு உண்மையிலேயே தெரிகிறது. முன்பு கொதிக்கும் எண்ணெய்க்குள் கிடப்பதுபோல் துடித்த பி விண்மீன் நேற்று இரவு சில நொடிகள் அசையாமல் நின்றது.

ஓய்வாசிரியர் சார் சொன்ன பிழையை ஒப்புக்கொள்கிறேன். நேற்று விண்மீன் வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஏ, பி இணையிலிருந்து ஒவ்வொரு புள்ளியாகத் தாண்டித் தாண்டி இரண்டு பாகை தென்மேற்கே நகர்ந்தேன். 25 மி.மீ. கண்ணருகு வில்லையில் அந்த இடத்தைப் பிடித்து, தெரிந்த புள்ளிகளை எல்லாம் ஒரு பழைய பேரேட்டின் பின்தாளில் பென்சிலால் குறித்தேன். பதினேழு புள்ளி. வரைபடத்தில் புராக்சிமா இருக்க வேண்டிய இடத்தில் என் தாளில் ஒன்றும் இல்லை. அடிவானப் புழுதிக்குள் பதினோராம் பொலிவெண்ணைப் பிடிக்க என் கருவியால் ஆகவில்லை போலிருக்கிறது.

காலையில் ஐயாவிடம் 270 மீட்டர் கணக்கையும், வடமீன் சொன்ன பர்மா கதையையும் சொன்னேன். தாம் பார்த்தது வேறு ஆள் என்பதில் அவருக்கு ஏக மகிழ்ச்சி. 1976இல் அவர் பினாங்கில் கடையில் இருந்தவர்; இரண்டும் மிக விலகித் தெரிந்த ஆண்டு அது என்றதும், "அப்ப யாரு மேல பார்த்தா, கணக்குல்ல பார்த்துக்கிட்டிருந்தோம்" என்றார். பிறகு என் தாளை வாங்கி, வெற்றிடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆள் இல்லாட்டியும் இடம் இருக்குல்ல, ஒரு புள்ளி வச்சிரு" என்றார். வைக்கவில்லை. பார்த்துவிட்டு வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஓய்வாசிரியர் (தேவகோட்டை):

என்னிடம் 250 மி.மீ. கருவி ஒன்று இருக்கிறது. அமாவாசைக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். படியில் தூக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.